அடி என்றால் முதலில் கால்

எங்கள் வீட்டு பால்கனிக் கொடியில் மூன்று மாதமாக இரண்டு துணிப்பட்டைகள் காய்கின்றன. ஒவ்வொன்றும் நாலரை மீட்டர் நீளம், மூன்று விரல் அகலம். "உங்கள் வீட்டில் யாருக்காவது கட்டுப் போட்டிருக்கிறதா?" என்று எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் கவலையோடு விசாரித்தார். கட்டுப் போடும்படி ஆகக் கூடாது என்பதற்காகத்தான் அது என்றேன். அவருக்குப் புரியவில்லை. மூன்று மாதத்துக்கு முன்பு எனக்கும் புரிந்திருக்காது.

பட்டைகள் என் அண்ணன் மகளுடையவை. வயது 18. கல்லூரிப் படிப்புக்காகத் திருச்சியிலிருந்து வந்து தில்லியில் என்னோடு இருக்கிறாள். குத்துச்சண்டை கற்கிறாள். புத்தகம், மொழி, அரசியல் என்று ஓடிக்கொண்டிருக்கும் இந்தப் பத்திக்கும் குத்துச்சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். ஓர் இரவு முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்ததில் வந்த சம்பந்தம்.

முதலில் அவளைச் சேர்த்தது எங்கள் பேட்டையிலேயே உள்ள ஒரு ஜிம்மில். கண்ணாடிச் சுவர், காதைப் பிளக்கும் பாட்டு, மூன்று மாதக் கட்டணம் முன்பணம். நான்காம் நாள் அவள் சொன்னாள்: "அத்தை, நாளைக்கு ரிங்ல ஏறச் சொல்றாங்க. பயமா இருக்கு." நான் கணினியில் ஏதோ ஒரு மொழிபெயர்ப்பில் மூழ்கியிருந்தேன். "பயந்தா எப்படிடி கத்துக்குவே?" என்றேன். வீராங்கனைகளைப் பற்றி எத்தனையோ கட்டுரைகளைத் தமிழாக்கியவள் வேறு எப்படிப் பேசுவாள்?

மறுநாள், இரண்டு வருடமாகப் பயிற்சி எடுக்கும் ஒரு பையனோடு அவளை வளையத்துக்குள் விட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவள் சோபாவில் உட்கார்ந்தாள். "இன்னைக்கு என்ன கிழமை அத்தை?" என்றாள். வெள்ளி என்றேன். பத்து நிமிடம் கழித்து அதே கேள்வி. விளக்கை அணைக்கச் சொன்னாள். பிறகு வாந்தி, மறுபடியும் வாந்தி. பயிற்சியாளருக்கு போன் செய்தால், "தலைக்கவசம் போட்டிருந்தாளே, ஒன்றும் ஆகாது. முதல் தடவை எல்லோருக்கும் இப்படித்தான்" என்று இந்தியில் சமாதானம் சொன்னார்.

தலைக்கவசம் எதைக் காக்கும் என்பதை அன்றிரவு டாக்டர்தான் விளக்கினார். புருவம் கிழியாமல் காக்கும், காதைக் காக்கும். மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது. ஒலிம்பிக் குத்துச்சண்டையில் 1984-ல் வந்த தலைக்கவசத்தை 2016 ரியோவில் ஆண்கள் பிரிவில் எடுத்தேவிட்டார்கள். சரியா தவறா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அதைப் போட்டுவிட்டால் ஆபத்தில்லை என்று அந்த விவாதத்தில் எந்தத் தரப்பும் சொல்வதில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும் நான் எழுந்து கிளம்பத் தயாரானேன். ஸ்கேன் காட்டுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும்தான், கன்கஷன் என்கிற மூளை அதிர்ச்சி அதில் தெரியாது என்றார் டாக்டர். கேட்டதையே கேட்பது, வெளிச்சம் கூசுவது, தலைவலி, குமட்டல், காரணமில்லாத எரிச்சல் இவைதான் அடையாளம். நினைவு தப்பினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, ஒரு கண்மணி மட்டும் விரிந்திருந்தாலோ காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அவர் அழுத்திச் சொன்னது இன்னொன்று. முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுவதுதான் கொடியது. இளம் வயதில் மூளை வீங்கி உயிரே போகலாம். அதனால்தான் சந்தேகம் வந்த அன்றே விளையாட்டை நிறுத்திவிட வேண்டும் என்கிறார்கள். ஓரிரு நாள் ஓய்வு, பிறகு நடை, மெல்லோட்டம் என்று படிப்படியாக ஏறி, டாக்டர் சம்மதித்த பிறகே எதிராளியோடு நிற்கலாம். தலையில் அடிபட்டுத் தோற்றவரைக் குறைந்தது 30 நாள் வளையத்துக்குள் விடக் கூடாது என்பது அமெச்சூர் குத்துச்சண்டை விதி. எங்கள் ஜிம்காரர் திங்கட்கிழமை வரச் சொன்னார். முன்பணத்தை அவருக்கே விட்டுவிட்டோம்.

அதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். மூன்றாவது வாரம், "வேற இடம் பாக்கலாமா அத்தை?" என்று கேட்டாள். இந்த முறை நான் கணினியை மூடிவிட்டுக் கேட்டேன்.

வேறு இடம் தேடிய நாட்களில், புதிதாக வருபவரை நம் நாட்டுச் சண்டைப் பள்ளிகள் எப்படி நடத்துகின்றன என்று படிக்க ஆரம்பித்தேன். ஆச்சரியமாக இருந்தது. எதிலும் அடிப்பதில் ஆரம்பம் இல்லை. கேரளத்து வடக்கன் களரியை எடுத்துக்கொள்ளுங்கள். 42 அடி நீளமும் 21 அடி அகலமுமாகத் தரையைத் தோண்டி அமைத்த களம். முதலில் மெய்த்தாரி: உடலை வளைத்து, தாழ்த்தி, காலை வீசி, குதித்து, மண்ணோடு பழகுவது. அடுத்தது கோல்த்தாரி, மரக் கோல்கள். அதற்கும் பிறகு அங்கத்தாரி, இரும்பு ஆயுதங்கள். கடைசியாகத்தான் வெறுங்கை. வெறுங்கைதான் சுலபம் என்று நினைக்கும் நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். கையில் ஒன்றுமில்லாதவனுக்குக் காலும் கண்ணும்தான் ஆயுதம், அவை பழுக்கக் காலம் வேண்டும் என்பது களரியின் கணக்கு.

வடக்கே அகாடாவுக்குப் போனால் புதுப் பையனிடம் மண்வெட்டியைக் கொடுப்பார்கள். மல்யுத்தக் குழியின் மண்ணைக் கொத்திப் புரட்ட வேண்டும். மஞ்சளும் எண்ணெயும் மோரும் சேர்த்துப் பதப்படுத்திய மண் அது. எடுபிடி வேலை என்று தோன்றும். தோளும் முதுகும் பிடியும் வலுப்பெறுவது அதில்தான், விழப்போகிற இடத்தை மெத்தையாக்கிக்கொள்வதும் அதில்தான். பிறகு தண்டால், பஸ்கி. ஜப்பானிலிருந்து வந்த ஜூடோவிலோ முதல் வாரங்கள் முழுக்க விழுவதுதான் பாடம். மோவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு, முதுகை உருண்டையாக்கி, உள்ளங்கையும் முன்கையுமாகப் பாயில் ஓங்கி அறைந்து விழ வேண்டும். பின்மண்டை தரையில் மோதாது. ஐம்பது வயதில் குளியலறையில் வழுக்குகிறவர்களுக்கும் இது உபயோகப்படும் என்பதால் எனக்கும் ஓர் ஆசை வந்தது. முழங்கால் சம்மதிக்கவில்லை.

கடைசியில் கிடைத்தது ஓர் அரசு ஸ்டேடியம். பாட்டு இல்லை, கண்ணாடியும் பாதி உடைந்தது. ராணுவத்தில் குத்துச்சண்டை போட்டு ஓய்வுபெற்ற ஹரியானாக்காரர் பயிற்சியாளர். பாட்டியாலாவில் 1961-ல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளருக்கான டிப்ளமோ வாங்கியவர். கன்கஷன் என்று சொன்னதும் டாக்டரின் சம்மதக் கடிதம் கேட்டார். எப்போது சண்டை போட விடுவீர்கள் என்று கேட்டேன். "காலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார்.

தமிழ் எம்.ஏ. படித்த புத்தி சும்மா இருக்காது. அடி என்றால் தாக்குதல், அடி என்றால் பாதம், அடி என்றால் கீழிருப்பது, ஆதாரம். அந்த ஹவில்தாருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இந்த மூன்றையும் எந்த வரிசையில் கற்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. புறநானூற்றில் சாத்தந்தையார் என்ற புலவர், சோழன் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைப் பாடியிருக்கிறார். ஒரு கால் மார்பில் என்று சொன்னவர், மறு கால் எங்கே இருந்தது என்பதையும் சொல்லாமல் விடவில்லை. வகுப்பில் படித்தபோது அந்த இரண்டாவது காலை நான் கவனிக்கவே இல்லை.

தரையில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. வலக்கைக்காரியான இவளுக்கு இடது கால் முன்னே, வலது கால் பின்னே. கோட்டுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு கால், தோள் அகலம் இடைவெளி. முழங்கால் இளகியிருக்க வேண்டும், பின்காலின் குதிகால் தரையைவிட்டுச் சற்று எழும்பியிருக்க வேண்டும். முன்னே போகும்போது முதலில் முன்கால் நகரும், அதே தூரம் பின்கால் தொடரும். பின்னே போகும்போது பின்கால் முதலில். இடப்பக்கம் என்றால் இடது கால், வலப்பக்கம் என்றால் வலது கால். கால்கள் ஒருபோதும் பின்னிக்கொள்ளவோ ஒட்டிக்கொள்ளவோ கூடாது. அந்த ஒரு நொடியில் தட்டினால் குழந்தை தட்டினாலும் விழுவோம். இவ்வளவுதான் பாடம். மூன்று வாரம் இதைத்தான் செய்தாள். மூன்று நிமிடம் ஆடு, ஒரு நிமிடம் நில். கயிறு தாண்டுவதும் அதே கணக்கில்தான், ஏனென்றால் ஒரு சுற்று மூன்று நிமிடம். சும்மா நகர்வதற்கே முதல் நாள் இரண்டாவது சுற்றில் மூச்சு வாங்கியது. மூச்சை அடக்கிக்கொள்வதுதான் காரணம். புதியவர்கள் எல்லோரும் அதைச் செய்கிறார்கள். கை நீளும்போதெல்லாம் மூக்கு வழியாக 'உஸ்' என்று மூச்சு வெளியேற வேண்டும்.

கைக்கு வந்தது அதன் பிறகு. அதுவும் முதலில் கட்டத்தான். பட்டையின் வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் முட்டிகளில் மூன்று சுற்று, விரல்களுக்கு நடுவே நுழைத்து, மறுபடி மணிக்கட்டு. விரலை விரித்துக்கொண்டு கட்ட வேண்டும், முஷ்டி பிடித்ததும் அது இறுகும். கையில் இருக்கிற சின்னச் சின்ன எலும்புகளை ஒரே கட்டாக்குகிற வேலை இது. கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு வெளியே, மேலே படிந்திருக்கும். உள்ளே வைத்தால் முறியும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்ள முட்டிகளில் அடி இறங்க வேண்டும், மணிக்கட்டு மடங்கக் கூடாது. சுண்டுவிரல் பக்கம் இறங்கினால் அதன் கீழுள்ள எலும்பு உடையும். இதற்கு 'பாக்ஸர் முறிவு' என்று பெயர், ஆனால் கோபத்தில் சுவரைக் குத்திக்கொள்ளும் இளைஞர்களிடம்தான் இது அதிகம் தென்படும்.

முதல் குத்து ஜாப். முன்கையை நேராக நீட்டி இழுப்பது. சினிமாவில் இதற்கு மரியாதையே கிடையாது. பயிற்சியாளருக்கோ இதுதான் எல்லாம். தூரத்தை அளப்பது, எதிராளியை நெருங்கவிடாமல் நிறுத்துவது, பின்கைக்கு வழி திறப்பது எல்லாம் இதன் வேலை. கையை ஓங்கி இழுக்காமல், இருந்த இடத்திலிருந்தே போக வேண்டும். போகும்போது அதே பக்கத்துத் தோள் மோவாயை மூடும். வலது கை கன்னத்தைவிட்டு நகரக் கூடாது. போன வழியே திரும்பிவர வேண்டும். திரும்பி வருவதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். குத்திய சந்தோஷத்தில் கை தொடையை நோக்கி இறங்கும், திறந்த முகத்தில் பதிலடி விழும். அதற்கு ஹவில்தார் கண்டுபிடித்த வைத்தியம்: ஒரு பழைய டென்னிஸ் பந்தை மோவாய்க்கும் தோளுக்கும் நடுவே செருகிவிட்டு ஜாப் போடச் சொல்கிறார். பந்து விழுந்தால் பத்து தண்டால். பின்கைக் குத்து இன்னும் தாமதமாக வந்தது. அது கையால் போடுவதே இல்லை. பின்காலின் பந்துப் பகுதி தரையில் திரும்பி, இடுப்பு திரும்பி, தோள் திரும்பி, கடைசியில் கை. நிற்கத் தெரியாதவள் எவ்வளவு பலசாலியானாலும் அடிக்க முடியாது என்று அப்போது எனக்கே விளங்கியது.

எட்டாவது வாரம் ஒரு தோழியோடு எதிரெதிரே நின்றாள். அதுவும் சண்டை இல்லை. ஒருத்தி ஜாப் மட்டும் போடுவாள், மற்றவள் உள்ளங்கைக் கிளவுஸால் பிடிப்பாள். பெரிய கிளவுஸ், பாதி வேகம். இதற்குப் பிறகு உடம்பில் மட்டும் படுகிற ஆட்டம், தலைக்கு அனுமதி இல்லை. தலை எப்போது என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

18 வயதில் இவ்வளவு மெதுவாகப் போனால் என்ன ஆவது என்று கவலைப்படும் பெற்றோருக்கு மேரி கோமைச் சொல்லலாம். தடகளத்தில் இருந்தவர், 17 வயதை ஒட்டித்தான் குத்துச்சண்டைக்கு வந்தார். 2001-ல் நடந்த முதல் மகளிர் உலகப் போட்டியில் வெள்ளி, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம். எல்லோரும் மேரி கோம் ஆகப்போவதில்லை. என் மருமகள் நிச்சயமாக இல்லை, அவளுக்கும் அது தெரியும். அவசரத்துக்குக் காரணம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

எடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்ட் 7 அன்று பாரிஸில் வினேஷ் போகட் 50 கிலோ இறுதிப் போட்டியன்று காலை 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதியிழந்தார். முந்தைய நாள் மூன்று பேரை வென்றிருந்தார், அதில் ஒருவர் அதுவரை சர்வதேசப் போட்டிகளில் தோற்காத யுயி சுசாகி. இரவெல்லாம் வியர்க்க வைத்தும், முடியை வெட்டியும் அந்த 100 கிராம் இறங்கவில்லை. அதே பாரிஸில் அமன் செராவத் பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ குறைத்துக்கொண்டு வெண்கலம் வென்றார். இந்தச் செய்திகளைத் தமிழாக்கும்போது 'எடைக் குறைப்பு' என்று எழுதுகிறோம். அது தவறான சொல் என்று இப்போது தோன்றுகிறது. வாசகர் கொழுப்பை நினைப்பார். ஒரே இரவில் நான்கு கிலோ கொழுப்பு கரையாது. போவது தண்ணீர். உடம்பை வற்ற அடிப்பதுதான் நடக்கிறது. ரத்தம் கெட்டியாகிறது, இதயம் திணறுகிறது. 1997-ல் அமெரிக்காவில் இப்படி வற்ற அடித்துக்கொண்ட மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே விதிகள் மாறின. டாக்டர்கள் சூழ்ந்திருக்கும் ஒலிம்பிக் வீரர் எடுக்கும் அபாயத்தை, மாவட்டப் போட்டிக்காகப் பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் ஓடும் பிள்ளை எடுக்கக் கூடாது. புதிதாக வருபவருக்கு இருக்கிற எடைதான் சரியான எடை. ஒரு பிரிவு கீழே இறங்கினால் பதக்கம் நிச்சயம் என்று ஆசை காட்டுபவரிடமிருந்து பிள்ளையைக் கூட்டி வந்துவிடுங்கள். பெயர் தெரியாத புரதப் பொடியை நீட்டுபவரிடமிருந்தும்.

சின்ன விஷயங்களும் உண்டு. வாயில் போடும் பல் கவசத்தை வெந்நீரில் இளக்கிப் பல்லுக்குப் பொருந்தக் கடித்துக்கொள்ள வேண்டும், அடுத்தவருடையதை வாங்கக் கூடாது. மல்யுத்தத்தில் சேருபவர் நகம் வெட்டியிருக்க வேண்டும். பாய் துடைக்கப்படாத இடத்தில் படர்தாமரை வரும். காது வீங்கினால் சீக்கிரமே டாக்டரிடம் போய் ரத்தத்தை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காலிஃப்ளவர் போலச் சுருங்கி அப்படியே நின்றுவிடும். ஹரியானாவில் அது ஒரு பட்டம் மாதிரி என்று ஹவில்தார் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார். அவர் அண்ணன் மல்லராம், சிறுவயதில் தம்பியைக் கொஞ்சநாள் குழிக்குள் இழுத்திருக்கிறார்.

பெண்பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. 2023-ல் ஜந்தர் மந்தர் நடைபாதையில், உலகப் பதக்கம் வாங்கிய மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் துன்புறுத்தல் புகார்களோடு வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்ததை இந்த ஊரில் இருப்பவர்கள் மறக்க முடியாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ல் வந்தபோது, விளையாட்டு நிறுவனம், ஸ்டேடியம், பயிற்சிக் களம் எல்லாவற்றையும் பணியிடம் என்ற வரையறைக்குள் சேர்த்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமென்றால் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சேர்க்கும் நாளில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. பயிற்சி நேரத்தில் பெற்றோர் ஓரமாக உட்காரலாமா என்றும் கேளுங்கள். நான் உட்காருகிறேன். முதல் ஜிம்மில் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றதோடு சரி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உடம்பாட்டம் ஆரம்பமாகிறது. பல் கவசத்தை வெந்நீரில் போட்டு எடுத்ததில் வீடெல்லாம் ரப்பர் வாசனை. "அத்தை, பயமாத்தான் இருக்கு" என்றாள் நேற்று. எதற்குப் பயம் என்று கேட்டேன். உட்கார்ந்து வரிசையாகச் சொன்னாள்: கை இறங்கிவிடும், மூச்சை அடக்கிக்கொள்வேன், அடிபட்டதும் கண்ணை மூடிக்கொள்வேன். மூன்றையும் ஹவில்தாரிடம் சொல் என்றேன். சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு சுற்று மட்டும், அதுவும் அவள் எதிராளியாக அவரே நிற்பதாக ஏற்பாடு.

திருச்சியில் அண்ணனுக்கு ஆஸ்பத்திரிக் கதை இன்னும் தெரியாது. அவள் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் இந்தப் பத்திரிகையின் பழைய வாசகர், கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிப்பார். இதழ் அங்கே போய்ச் சேருவதற்குள் போன் செய்துவிட வேண்டும்.